இரு குழல் வண்டி

சைலன்சர் என்னும் சொல்லை நேராகத் தமிழாக்கினால் 'அமைதியாக்கி' என்று வரும். நம் ஊரில் அப்பொருள் அமைதியை உண்டாக்கியதாக எவரும் சாட்சி சொல்லமாட்டார்கள். புகைபோக்கி என்னும் சொல்லோ செங்கல் சூளைக்கும் ஆலைக்கும் பொருந்தி நிற்கிறது. பட்டறையில் போய்ப் 'புகைபோக்கி' என்றால் நம்மைத் தமிழ் வாத்தியார் என்று அக்கணமே கண்டுகொள்வார்கள். பட்டறை வழக்கில் எஞ்சினிலிருந்து வளைந்து இறங்கும் முன்பகுதி 'பெண்டு பைப்பு'. அதனைத் தொடரும் தடித்த நீள்பகுதி 'சைலன்சர்'. அதன் வயிற்றுக்குள் தட்டும் துளையுமாய்க் கிடக்கும் உறுப்பு 'பஃபிள்'. மூன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டிய இடங்களில் இக்கட்டுரை 'குழல்' என்றே வழங்கும். வாசக நண்பர்கள் இசைக்குழலை நினைத்துக்கொண்டாலும் பெரிய பிழையில்லை. காரணம் பின்னர் விளங்கும்.

நம் தந்தையார் போடிநாயக்கனூரில் ஏலக்காய் மண்டி ஒன்றில் கணக்கெழுதியவர். 1974-இல் அவர் கைமாற்றாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். 1967-இல் மைசூரில் செய்யப்பட்ட ஜாவா 250 அது. அதற்கு எஞ்சினில் உருளை ஒன்றே. ஆனால் குழல்கள் இரண்டு. வண்டியின் இருபுறமும் வெள்ளித் துப்பாக்கிகளைக் கிடத்தியதுபோல் நீண்டிருக்கும். ஒரு நெஞ்சுக்கு எதற்கு இரண்டு மூச்சு என்று சிறுவயதில் நாம் கேட்டதுண்டு. "அது அப்படித்தான்" என்பதே தந்தையாரின் விடை. அவர் 2009-இல் காலமானார். அதன்பின் வண்டி, வீட்டுப் பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையின் கீழ், ஒரு பழைய கோணியைப் போர்த்துக்கொண்டு நின்றது.

நின்ற வண்டியில் குழல்தான் முதலில் சாகும். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, எஞ்சின் குளிர்ந்ததும் நீராகிக் குழலின் தாழ்வான இடத்தில் தேங்கும். அங்கிருந்து இரும்பை உள்ளேயிருந்து தின்னும். வெளியிலிருந்து மழைக்காற்றும் தன் பங்கைச் செய்யும. சென்ற ஆண்டு நாம் வண்டியை உயிர்ப்பிக்க எண்ணி வெளியே இழுத்தபோது வலப்புறக் குழலின் அடிப்பகுதி விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. இடப்புறக் குழல் ஓரளவு தப்பியிருந்தது. மாற்றுக் குழல் தேடினோம். பழைய வண்டிக்குப் புதிதாகச் செய்த உதிரிகளை விற்கும் ஒரு வெளியூர்க் கடையிலிருந்து ஒரு சோடி தருவித்தோம். குரோம் முலாம் முகம் பார்க்கலாம்போல் மின்னியது. நாமே, நமது முதுகலைத் தமிழின் துணைகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவற்றைப் பூட்டியும் விட்டோம்.

வண்டி கிளம்பியது. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வரை சமதளத்தில் ஓடவும் ஓடியது. கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பில், பெரியாற்று நீரை மின்நிலையத்துக்கு இறக்கும் பெருங்குழாய்கள் மலைமேல் தெரியும் இடம்வரை குறையொன்றுமில்லை. குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கியதும் வண்டி மூச்சுவிடத் திணறியது. இரண்டாம் கியரில் முனகியது. முதல் கியரில் அலறியது. சத்தம் இரட்டிப்பாகவும் இழுவை பாதியாகவும் இருந்தன. சபரிமலைக்குச் செல்லும் வேன்கள் நம்மைக் கடந்து போயின. மூன்றாம் வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினோம். தந்தையார் இதே வண்டியில், பின்னிருக்கையில் மண்டி முதலாளியையும் ஏற்றிக்கொண்டு, இதே சாலையில் வண்டன்மேட்டுக்குப் போய்வந்தவர். எஞ்சின் மாறவில்லை. மாறியது குழல் மட்டுமே.

இவ்விடத்தில் சற்று நின்று அந்த எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்க்கவேண்டும். டூ ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு எஞ்சினில், புல்லட் போன்ற நால்வீச்சு வண்டிகளில் இருப்பதுபோல் திறந்து மூடும் வால்வுகள் இல்லை. உருளையின் சுவரில் வெட்டிய வாய்களை பிஸ்டன் தானே ஏறி இறங்கி மூடித் திறக்கிறது. எரிந்த புகை வெளியேறும் வாயும் புதிய கலவை நுழையும் வாயும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. அக்கணத்தில் புதிய கலவையில் ஒரு பகுதி, எரியாமலேயே புகையின் பின்னால் ஓடிவிடப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவதற்கு எஞ்சினிடம் கதவேதும் இல்லை, குழல்தான் கதவு. புகை குழலுக்குள் ஓர் அழுத்த அலையாகப் பாய்கிறது. குழல் விரியும் இடத்தில் அதன் எதிரொலி உறிஞ்சும் அலையாகத் திரும்புகிறது. குறுகும் இடத்தில் தள்ளும் அலையாகத் திரும்புகிறது. உறிஞ்சல் உருளையைக் காலிசெய்ய உதவும். தள்ளல் ஓடப்பார்க்கும் புதிய கலவையை மீண்டும் உள்ளே திணிக்கும். நிமிடத்துக்கு 4000 சுற்று எனில் நொடிக்கு அறுபத்தாறு தடவை இது நிகழ்கிறது. குழலின் நீளமும் வயிற்றின் பருமனும் துளைகளின் அளவும் பிசகினால் அலை வரவேண்டிய நேரத்துக்கு வராது. நாதசுரத்தின் துளை ஒரு நூல் தள்ளிப்போனால் ஆச்சாரியை வைகிறோமே, அதைப் போன்றது இது.

நாம் வாங்கிப் பூட்டியவை வெறும் ஓடுகள். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் சின்னமனூரில் பட்டறை வைத்திருக்கும் முதியவர். எழுபதைக் கடந்தவர், தந்தையாரை அறிந்தவர். வால்மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பளபளப்பப் பாத்து வாங்கிட்டீக தம்பி. வயித்தப் பாக்கலையே" என்றார். உள்ளே பஃபிள் இருக்கவேண்டிய இடத்தில் நேரான ஒரு துளைக்குழாய் மட்டும் ஓடியது. புல்லட்டுக்கு அதை மாட்டினால் சத்தம் கூடும், வண்டி ஒருவாறு ஓடும். ஜாவாவுக்கு அது ஆகாது.

இந்த 'ஆகாது' என்பதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை உண்டு.

செக் நாட்டவரான பிரான்டிசேக் யானெசெக் அடிப்படையில் ஆயுத உற்பத்தியாளர். முதல் உலகப்போர் முடிந்தபின் துப்பாக்கிக்குக் கிராக்கி குறையவே, ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையை வாங்கி 1929-இல் தொழில் தொடங்கினார். யானெசெக் என்பதன் முதலெழுத்துகளும் வாண்டரர் என்பதன் முதலெழுத்துகளும் சேர்ந்ததே ஜாவா. (அவர்கள் உச்சரிப்பில் 'யாவா'. சாவகத் தீவுக்கும் இதற்கும் தொடர்பில்லை; மாணவர் ஒருவர் ஒருமுறை அவ்வாறு கட்டுரையே எழுதிவிட்டார்.) இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிராகாவை ஆண்ட காலத்தில், ஜாவாவின் பொறியாளர்கள் மறைவாக ஒரு 250 சிசி வண்டியை வடிவமைத்தனர். போர் முடிந்ததும் 1946-இல் பாரிஸ் கண்காட்சியில் அது வெளிப்பட்டுத் தங்கப்பதக்கம் பெற்றது. ஒரே உருளை, முன்புறம் இடமும் வலமும் இரண்டு புகைவாய்கள், இரண்டு குழல்கள் என்னும் அமைப்பு அதிலேயே இருந்தது. ஜெர்மானியரான அடால்ஃப் ஷ்னூர்லே 1920களில் கண்ட ஒரு முறையின் வழிவந்தது அந்த எஞ்சின்: புதிய கலவையை உருளையின் பின்சுவர் நோக்கிப் பாய்ச்சி, மேலே சுழலவிட்டு, முன்பக்கமாகப் புகையைத் துடைத்தெடுப்பது. தந்தையாரின் "அது அப்படித்தான்" என்பதற்கு நாம் நாற்பது ஆண்டு கழித்துக் கண்ட விளக்கம் இவ்வளவே.

அவ்வண்டியின் அடுத்த தலைமுறைதான் இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் ஜாவாக்களை இறக்குமதி செய்து விற்றுவந்த ரஸ்டம் இரானி என்னும் பார்சிக் கனவான், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய நிலையில், உரிமம் பெற்று 1960-இல் ஐடியல் ஜாவா நிறுவனத்தை மைசூரில் தோற்றுவித்தார். மகாராசா ஜெயசாமராஜ உடையாரின் ஆதரவு இருந்தது. 1961-இல் வண்டிகள் வெளிவரலாயின. உரிமக்காலம் முடிந்தபின் 1970களில் பெயர் எஸ்டி என மாறிற்று. பெயர் மாறியபோதும் இரு குழல்கள் மாறவில்லை.

அந்த 1961-ஆம் ஆண்டிலேயே, மைசூருக்கு வெகுதொலைவில், குழலின் வரலாற்றில் வேறொரு சம்பவம் நடந்தது. கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். என்றொரு மோட்டார் சைக்கிள் நிறுவனம். அங்கே வால்ட்டர் காடன் என்னும் பொறியாளர். போர்க்காலத்தில் பெனெமுண்டே ஆயுத ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர். மேலே நாம் சொன்ன அலைகளின் போக்கை அளந்து, விரிந்து பின் குறுகும் கூம்புக் குழலை அவர் 1950களில் செம்மைப்படுத்தினார். எளிய இருவீச்சு எஞ்சினிலிருந்து அதுவரை எவரும் காணாத ஆற்றலை அவர் எடுத்தார். பெரிய நிறுவனங்கள் கோடி கொட்டியும் எட்டாதது அது. காடனின் வண்டியை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் சுவீடன் பந்தயத்துக்குப் போன டெக்னர் திரும்பவில்லை; அவருடைய மனைவி மக்களைக் காரில் மறைத்து எல்லை கடத்தியிருந்தனர். அவர் போய்ச் சேர்ந்த இடம் சுசுகி. அடுத்த ஆண்டே, 1962-இல், 50 சிசி பிரிவில் சுசுகிக்கு உலகப்பட்டத்தை டெக்னர் வென்று தந்தார். அவரோடு எல்லை கடந்த அறிவில் கூம்புக்குழலும் அடக்கம். ஒரு புகைக்குழாய்க்காக நிகழ்ந்த ஒற்றாடல் என்று இதைச் சொல்வது முழு உண்மையாகாது, வேறு இரகசியங்களும் உண்டு; ஆயினும் குழல் இல்லாமல் அக்கதை இல்லை.

சுசுகியோடு கூட்டுச்சேர்ந்து டிவிஎஸ் குழுமம் 1984-இல் ஓசூரில் ஏஎக்ஸ் 100 வண்டியைச் செய்யத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் யமகா ஆர்எக்ஸ் 100 வந்தது. நால்வீச்சு எஞ்சினோடு ஹீரோ ஹோண்டாவும் அவ்வாண்டே வந்தது. எடை குறைந்த, எரிபொருள் மிச்சம் பிடிக்கும் இவ்வண்டிகளின்முன் ஜாவாவின் வழிவந்த எஸ்டி நிற்க இயலவில்லை. 1991-இல் இந்தியாவில் முதன்முதலாகப் புகைக் கட்டுப்பாட்டு அளவுகள் விதிக்கப்பட்டன. 1996-இல் அவை மேலும் இறுகின. மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. குழலின் கலையைக் கற்றுக்கொண்டு திரும்பிவந்த வண்டியும் சேர்ந்துதான், அதைக் கல்லாமல் இருந்த வண்டியை வீழ்த்தியது. மைசூர் முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்த எஞ்சினை இன்னும் கூர்மையாக்கியிருக்கலாம் என்பது நம் குறை. தொழிலாளர்மீது மட்டும் பழிபோடுவாரோடு நமக்கு உடன்பாடில்லை.

இனி நம் பள்ளத்தாக்கு. மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் வந்த மீட்டர்கேஜ் பாதை, இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1950களில்தான் மீண்டது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. கம்பத்திலும் போடியிலும் வீடும் மலைமேல் ஏலத்தோட்டமும் உடைய குடும்பங்களுக்கு அன்றுமுதல் தொழில் என்பது எல்லை தாண்டி ஏறி இறங்குவதாயிற்று. ரயில் போடியோடு நின்றுவிடும். அதற்குமேல் ஜீப்பு, ஜீப்புக்கு வழியில்லாதவர்க்கு மோட்டார் சைக்கிள். போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டையூசி வளைவுகள். குறைந்த சுற்றிலேயே இழுக்கும் எஞ்சின்தான் அங்கே ஏறும். ஜாவாவின் நீண்ட வீச்சு (உருளையின் விட்டம் 65 மி.மீ., வீச்சு 75 மி.மீ.) அதற்குப் பொருந்தியது. கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல் என்பதால் கியரில் நின்ற வண்டியைக் கிளப்பத் தெரியாமல் விழிப்போரை வைத்து வண்டி கள்ளனிடமிருந்து தப்பியது என்று தந்தையார் சொல்வார்.

மலைப்பயணத்துக்கு ஒரு விலை இருந்தது. பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி என்ற கணக்கில் எண்ணெய் கலந்து ஊற்றவேண்டும். அந்த எண்ணெய் முழுவதும் எரியாது. கரியும் பிசினுமாகப் பஃபிளின் துளைகளில் படியும். சில மாதங்களில் வண்டி மந்தமாகும். அப்போது 'கார்பன் எடுக்கவேண்டும்'. பட்டறை வாசலில் பஃபிள்களை அடுக்கி, விறகுத் தீயில் சிவக்கக் காய்ச்சி, தட்டி உதிர்ப்பார்கள். சிலர் காஸ்டிக் சோடாவில் இரவு முழுவதும் ஊறவைப்பார்கள். சின்னமனூர் முதியவர் பையனாக வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு முழுதும் இது ஒன்றையே செய்ததாகச் சொன்னார். அவசரக்காரர்கள் கரியெடுக்கும் தொல்லை வேண்டாமென்று பஃபிளையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவர். பள்ளத்தாக்கில் பஃபிள் கிடைக்காத பஞ்சத்துக்கு அதுவே காரணம் என்பது அவர் துணிபு.

தீர்வும் அவரிடமிருந்தே வந்தது. நாம் பழைய குழல்களைத் தூக்கி எறியவில்லை என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "ரெண்டையும் கொண்டாங்க. மேல்தோலு போனா என்ன, உள்ள இருக்குறதுதான வேணும்" என்றார். இடப்புறப் பஃபிள் கரிக்கட்டையாய் இருந்தாலும் சிதையவில்லை. தீயில் காய்ச்சித் தட்டியதும் தகடும் துளைகளும் தெளிவாய்த் தெரிந்தன. வலப்புறத்தது கையில் எடுத்ததும் மூன்று துண்டானது. இடப்புறத்ததை அளவாக வைத்து, துளைகளின் எண்ணிக்கையும் விட்டமும் தாளில் குறித்து, தேனி லேத்துப் பட்டறை ஒன்றில் அதற்கு இணை ஒன்றைக் கடைந்து வாங்கினோம். புதிய ஓடுகளின் நேர்க்குழாயை அறுத்தெடுத்துவிட்டு, பழைய உறுப்பு ஒன்றையும் அதன் படியான ஒன்றையும் உள்ளே ஏற்றினார். மொத்த நீளத்தையும் பழைய குழலோடு ஒட்டவைத்து அளந்தார். புதியது இரண்டு விரற்கடை குட்டையாக இருந்ததை வால்பக்கம் ஒட்டுவைத்துச் சரிசெய்தார்.

பூட்டும் முறையிலும் நம் ஞாயிற்றுக்கிழமைப் புலமை சந்தி சிரித்தது. ஜாவாவின் பெண்டு பைப்பு உருளையோடு ஒரு வளைய நட்டால் இறுக்கப்படுவது. கொக்கி ஸ்பேனர் இல்லாதவர்கள் அதை உளியும் சுத்தியலுமாகத் தட்டுவார்கள், நாமும் தட்டியிருந்தோம். மரை நசுங்கும், அருகிலுள்ள உருளைச் செதில் உடையும் என்பதை அவர் திட்டாமல் சொன்னார். செம்பு கேஸ்கட்டைப் புதிதாக வைத்தார். வளைய நட்டைக் கைவலுவுக்கு மட்டும் ஏற்றினார். சைலன்சரைப் பைப்பில் நுழைத்து, கிளாம்பைத் தளர்வாகவே விட்டு, பின்பக்கத் தாங்கியின் போல்ட்டையும் தளர்வாகவே கோத்தார். எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார்ந்த பின்னரே முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாய் முறுக்கினார். நாம் பின்தாங்கியை முதலில் முறுக்கிவிட்டு முன்பக்கத்தை இழுத்துப் பொருத்தியிருந்தோம். அப்படிப் பூட்டினால் குழல் எப்போதும் விறைப்பிலேயே இருக்கும். அதிர்வில் தாங்கி கீறிவிடும். பிறகு எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து, வளைய நட்டை இன்னொரு தடவை இறுக்கினார். இணைப்புகளைச் சுற்றிக் கையை வைத்துப் புகை கசிகிறதா என்று பார்த்தார்.

இனி ஒரு சட்டச் சிக்கல். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியே பதியும் விதிகளை மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்தது. புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். எண்ணில் 'விஏ' என்னும் எழுத்துகள் வரும். வண்டி அசல் வடிவில் பேணப்பட்டிருக்கவேண்டும், கணிசமாக மாற்றப்பட்டிருக்கக்கூடாது என்கிறது விதி. நம் வண்டியின் குழலில் ஓடு இன்றையது, வயிறு பாதி 1967-ஐச் சேர்ந்தது, பாதி அதன் படி. இது அசலா? ஏட்டுச்சுவடி பெயர்த்தெழுதப்பட்ட வரலாற்றைப் பாடம் நடத்துகிற நமக்கு இவ்வினா புதிதன்று. சுவடி செல்லரித்தால் புது ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள்; இன்று நாம் அச்சில் படிக்கும் பழந்தமிழ் நூல்களில் ஆசிரியர் கைப்பட எழுதிய ஏடு ஒன்றும் இல்லை. ஆனால் பெயர்த்தெழுதியவர் அட்டையை மட்டும் அழகாகச் செய்து உள்ளே வெற்றேட்டை வைத்ததில்லை. வெளியூர்க் கடை நமக்கு விற்றது அப்படியொன்றைத்தான்.

விண்டேஜ் பதிவுக்கு நாம் விண்ணப்பிக்கவில்லை. அசல்தன்மை குறித்த தயக்கத்தால் அன்று. அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுதுபார்க்கவும் பெட்ரோல் போடவும் மட்டுமே சாலைக்குக் கொண்டுவரலாம். நமக்குச் சனிக்கிழமை மாலைகளில் கம்பம்வரை போகவேண்டும். ஆகவே பழைய எண்ணிலேயே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது என்று முடிவு. சத்தம் பற்றிய சட்டமும் நினைவில் இருக்கட்டும்: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய்வரை அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பஃபிள் இல்லாக் குழல்களோடு தேனி நேரு சிலைச் சந்திப்பைக் கடக்கும் இளைஞர்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்பது தெரிந்தும் எழுதுகிறோம்.

2018-இல் ஜாவா என்னும் பெயர் இந்தியாவில் மறுபிறவி எடுத்தது. புதிய வண்டியின் எஞ்சின் நால்வீச்சு, நீர்க்குளிர்ச்சி, ஒற்றை உருளை. அதற்கும் இரு குழல்களையே வைத்தார்கள். ஷ்னூர்லேயின் முறைக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை, நினைவுக்காக வைத்தவை. நம்மால் அதைக் குறைகூற முடியவில்லை.

சென்ற மாதம் குமுளி மலையை மீண்டும் ஏறினோம். லோயர் கேம்ப்பிலிருந்து மேலேவரை இரண்டாம் கியரில், இடையிடையே மூன்றிலும், முனகலின்றி ஏறியது. திரும்பிவந்து வாசலில் வண்டியை நிறுத்தியபோது அம்மா திண்ணையில் இருந்தார். "உங்கப்பா வண்டி தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சிரும், உலையக் கூட்டுவேன். இது வாசலுக்கு வந்தப்பறம்தான் தெரியுது" என்றார். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. மறுநாள் பட்டறையில் இதைச் சொன்னோம். முதியவர் இடப்புறக் குழலில் காதை வைத்துக் கேட்டார், பிறகு வலப்புறத்தில்.

"புதுத் தகட்டுல கரி ஏறல தம்பி. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, அப்பறம் அம்மாட்ட கேப்போம்" என்றார்.

இதை எழுதும் இன்றுவரை முந்நூற்று நாற்பது ஆகியிருக்கிறது.